ரேவதியில் செத்த சடையப்பன்

"இந்த மாசக் கடைசிக்குள்ள வூட்ட காலி பண்ணிடு பெருமாளு. யூனியன் ஆபீசுக்குப் புதுசா ஒரு கிளார்க்கு வராரு. அவருக்கு வாக்குக் குடுத்துட்டேன்" என்று வீட்டுக்காரர் முத்துகிருஷ்ணன் சொன்னபோது, பெருமாள் ஒரு சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பஞ்சர் தேடிக்கொண்டிருந்தான்.

"பதினோரு வருசமா குடியிருக்கறேங்க."

"யாரு இல்லன்னா? அவரு சர்க்கார் உத்தியோகம். பெஞ்சாதியோட வராரு. நீ வேற எடம் பாத்துக்க."

வேறு இடம் எங்கே இருக்கிறது? உத்திரமேரூரில் யூனியன் ஆபீஸ் திறந்த ஒன்றரை வருஷத்தில் தெருவே தலைகீழாகிவிட்டது. கூழ் விற்ற இடத்தில் காப்பி கிளப் வந்துவிட்டது. மாட்டுக் கொட்டகைகூட வெள்ளையடித்துக்கொண்டு, வாசலில் ஒரு பெயர்ப் பலகையோடு நிற்கிறது. ஓவர்சியருக்கு ஒன்று, கிராம சேவக்குக்கு ஒன்று, ஜீப் டிரைவருக்கு ஒன்று என்று வீடுகளெல்லாம் போய்விட்டன. பழைய குடித்தனக்காரர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே போனார்கள்.

பெருமாளுக்கு வாடகைச் சைக்கிள் கடை. கடை என்பது நான்கு கழியும் ஒரு கீற்றும்தான். பொழுது சாய்ந்தால் ஏழு சைக்கிளும் புழக்கடைக் கதவு வழியாக வீட்டின் பின்கட்டு அறைக்குள் போய்த்தான் படுத்துத் தூங்கும். வீடு போனால் கடையும் போகும். கடை போனால் அவனும் அம்முலுவும் பழையபடி யார் வயலிலாவது கூலிக்கு நிற்க வேண்டியதுதான். அதை நினைத்தாலே அவனுக்கு அழுகை வந்தது.

அடுத்த வாரம் முத்துகிருஷ்ணனின் தம்பி மகளுக்கு ஏனாத்தூரில் கல்யாணம். தெருவே திரண்டு போயிற்று. அம்முலுவும் பிள்ளைகளும் போனார்கள். பெருமாள் மட்டும் ஜுரம் என்று படுத்துக்கொண்டான். சாயங்காலம் எல்லாரும் திரும்பி வந்தபோது, அவன் ஈர வேட்டியோடு வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தான்.

"என் கூட்டாளி சடையப்பன். பெரம்பூர் மில்லுல ஒண்ணா வேல செஞ்சோம்னு சொல்வேனே, அவன்தான். காலையில வந்தான். இருமிக்கினே இருந்தான். அப்பிடியே உசுரு போயிடுச்சி. நாதி இல்லாத ஆளு. வண்டி புடிச்சி செய்யாத்தாண்ட கொண்டும்போயி கொளுத்திட்டு வந்துட்டேன்."

முத்துகிருஷ்ணன் முகம் சுண்டிப்போனது. "இன்னிக்கி ரேவதியாச்சே" என்றார்.

ரேவதி கல்யாணத்துக்கு உகந்த நட்சத்திரம், சாவுக்கு ஆகாதது. அதில் யாராவது செத்தால் அந்த வீட்டுக்கு ஆறு மாதம் அடைப்பு. புதிதாக ஒரு குடித்தனம் அங்கே அடியெடுத்து வைக்காது. பெருமாள் முந்தின வாரமே பஞ்சாங்கத்தைப் புரட்டி வைத்திருந்தான்.

"அப்போ வூட்டயே பூட்டிடணும்" என்றார் முத்துகிருஷ்ணன். "நீயும் வெளிய போயிடு."

இதைப் பெருமாள் எதிர்பார்க்கவில்லை. "அவன் செத்தது பின்கட்டு ரூம்புலங்க. அத்த மட்டும் பூட்டினா போதுமே" என்றான் அவசரமாக.

அப்படியே ஆயிற்று. பின்கட்டு அறையைப் பூட்டினார்கள். ஏழு சைக்கிளும் கூடத்துக்கு வந்தன. மூன்று பிள்ளைகளும் ஹாண்டில்பார்களுக்கு நடுவில் சுருண்டு படுத்தார்கள்.

"பொய்யி சொன்னதுதான் சொன்ன, அந்தாளு வாசல்ல செத்தான்னு சொல்லக் கூடாதா?" என்றாள் அம்முலு. "நல்ல ரூம்பு போச்சி."

எதிர்வீட்டு மங்கம்மா துக்கம் கேட்க வந்தாள். ஊர்ச் சேதியெல்லாம் அவள் வாய் வழியாகத்தான் நடமாடும்.

"பூட்டிப்புட்டா ஆச்சா நைனா? செத்தவனுக்கு ரத்த சம்பந்தம் யாருன்னா தெனம் வெளக்கேத்தி, சோறு தண்ணி வெக்கணும். இல்லன்னா உச்சிப் பொழுதுல எய்ந்து நடப்பான்."

"அவனுக்குத்தான் யாரும் இல்லியே."

"அப்போ நடப்பான்" என்றாள் மங்கம்மா, வெற்றிலையை மடித்துக்கொண்டே.

மறுநாளே ஊர் சடையப்பனைப் பேச ஆரம்பித்தது. பஸ் இறங்கும்போது பார்த்ததாகக் காப்பி கிளப்காரர் சொன்னார். நெற்றியில் வெட்டுத் தழும்பு இருந்ததாம். பெருமாள் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். ஆனால் ராத்திரி சாப்பிடும்போது, அந்தத் தழும்பு இடப்பக்கமா வலப்பக்கமா என்று தான் யோசித்துக்கொண்டிருப்பது தெரிந்து பாதிச் சோற்றில் எழுந்துவிட்டான்.

நாலாம் நாள் உச்சி வேளையில் வாசலில் ஒரு பெண்பிள்ளை நின்றாள். கையில் டிரங்குப் பெட்டி, இடுப்பில் படுக்கைச் சுருட்டு. நெற்றியில் குங்குமம், கழுத்தில் மஞ்சள் கயிறு. தெருவில் வேறு ஒரு ஈ காக்கை இல்லை.

"இதானே எங்கண்ணன் செத்த வூடு?"

"எந்த அண்ணன்?"

"சடையப்பன். நான் அவரு தங்கச்சி பவளம். திருமுக்கூடல்லருந்து வரேன்."

இல்லவே இல்லாத ஒருவனுக்குத் தங்கை எங்கிருந்து முளைத்தாள்?

"அவனுக்கு யாரும் இல்லன்னானே" என்றான்.

"கோச்சிக்கினு போனவரு, எங்கள எங்க சொல்லப் போறாரு? நெத்தியில தழும்பு இருந்துச்சா? சின்ன வயசுல நான் எறிஞ்ச கல்லுதாண்ணா அது."

சொல்லிவிட்டு அழுதாள். நிஜமான கண்ணீர். அதற்குள் மங்கம்மா வந்து அவளைக் கட்டிக்கொண்டு கூட அழுதாள். பெருமாள் கணக்குப் போட்டுப் பார்த்தான். இவள் பொய் என்றால் சடையப்பனும் பொய், சடையப்பன் பொய் என்றால் வீடு போயிற்று.

"இருந்துச்சி. இடப்பக்கம்" என்றான்.

"ரத்த சம்பந்தம் வந்துட்டுது. இனிமே நடக்க மாட்டான்" என்றாள் மங்கம்மா. "உன் வூட்டுக்காரரு எங்கம்மா கீறாரு?"

"அவரு வெளியூரு உத்தியோகம். அடைப்பு முடியற வரைக்கும் இருந்து வெளக்கேத்திட்டு வான்னு அனுப்பிச்சாரு."

அறைச் சாவி பவளத்தின் இடுப்புக்குப் போயிற்று. பெட்டியும் படுக்கையும் அறைக்குள் போயின.

மறுநாள் பகலில் பெருமாள் சாப்பிட வந்தான். பவளம் அவனுக்குச் சோறு போட்டாள். வெயில் கூரை ஓட்டைப் பிளந்துகொண்டிருந்தது. அப்போது பூட்டிய அறைக்குள் யாரோ இருமினார்கள். இரண்டு இருமல், பிறகு ஒரு கனைப்பு.

பெருமாள் கையில் இருந்த கவளம் இலையில் விழுந்தது. "கேட்டுச்சா?"

"அண்ணன்தான். அவருக்கு எப்பவும் வெய்யில் ஒத்துக்காது" என்று சொல்லிவிட்டுப் பவளம் ரசம் ஊற்றினாள்.

படையல் சோறு உள்ளே போய், ஒரு பருக்கை மிச்சமில்லாமல் இலை மட்டும் வெளியே வந்தது. "கொழம்புல உப்பு பத்தலையாம்" என்றாள் ஒரு நாள். இன்னொரு நாள், "அண்ணனுக்குக் காப்பி வோணுமாம்" என்றாள். பிள்ளைகளுக்கே கூழ்தான், செத்தவனுக்குக் காப்பி கிளப்பிலிருந்து சொம்பில் காப்பி வந்தது. புழக்கடைக் கொடியில் ஒரு நாள் வெள்ளைச் சட்டை சொட்டச் சொட்டக் காய்ந்துகொண்டிருந்தது.

"அண்ணன் சொக்கா. தோச்சிப் போட்டாத்தான் அவருக்குக் குளுமையா இருக்கும்."

"கொளுத்தறப்போ போட்டிருந்த சொக்காயா?" என்று கேட்டுவிட்டுப் பெருமாள் நாக்கைக் கடித்துக்கொண்டான். கொளுத்தியது யாரை?

அம்முலு மெலிந்துபோனாள். "ராவுல கொறட்ட கேக்குது. செத்தவன் கொறட்ட வுடுவானாய்யா?"

"அவன் செத்தவனே இல்லடி."

"பின்ன உசுரோட கீறானா?"

பெருமாள் கடையில் உட்கார்ந்து பம்பு அடிக்கும்போது, சைக்கிள் கேட்டு வருகிறவன் நெற்றியையெல்லாம் பார்த்தான். மில் சங்கு ஊதுவதும், சடையப்பன் தன் பீடியில் பாதியை நீட்டுவதும் கண்முன் வந்தன. சடையப்பனுக்குக் குரல் கொஞ்சம் கீச்சு என்றுகூட ஞாபகம் வந்தது. பெருமாள் பெரம்பூர் பக்கமே போனதில்லை. சும்மா இருந்த காற்றிலிருந்து ஒருவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டோம், அவன் வந்துவிட்டான், இனிப் போகமாட்டான் என்று அவனுக்கு உறுதியாகத் தோன்றியது.

"வூடும் வோணாம், ஒரு மண்ணும் வோணாம். புள்ளைங்கள இட்டுக்கினு போயிடலாம்" என்றாள் அம்முலு. அவனும் சரி என்றான். ஆனால் போகுமுன் சடையப்பனிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இல்லாவிட்டால் பின்னாலேயே வருவான்.

மறுநாள் உச்சி வேளையில் பவளம் தண்ணீருக்குப் போயிருந்தாள். சாவி பூட்டிலேயே தொங்கியது. பெருமாள் பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினான். உள்ளே இருட்டு. சின்ன விளக்கு ஒன்று எரிந்தது. அதற்கு அப்பால் சுவரோரமாக, வெள்ளைச் சட்டையில் ஒரு உருவம் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது. இலையில் பாதிச் சோறு இருந்தது.

பெருமாள் ஓடத்தான் நினைத்தான். ஆனால் வாசற்படியிலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"சடையப்பா, என்ன வுட்டுடு. நீ இல்லவே இல்லப்பா, நான் கட்டிவுட்ட பொய்யிதான் நீ. அந்த யூனியன் ஆபீஸ் கிளார்க்கு என் வூட்டுல பூந்துடப் போறாருன்னு பயந்து உன்னச் சாவடிச்சேன். எனக்கு இந்த வூடு வோணாம். இன்னிக்கே காலி பண்ணிட்றேன். அந்த கிளார்க்கே வந்து குடியிருக்கட்டும்."

இருட்டில் அந்த இருமல், இரண்டு தடவை.

"நீங்க காலி பண்ண வேணாங்க, அம்முலு அக்கா கொழம்பு இல்லாம எங்களுக்கு ஆவாது" என்றது குரல். "அந்த கிளார்க்கு பெஞ்சாதியோட குடிவந்து இன்னியோட இருபத்தோரு நாளாச்சு."