இரும்புச்சாமி விஷயமாக

கடலூர்,
வியாழக்கிழமை.

அன்புள்ள அண்ணனுக்கு எழிலரசி எழுதுவது. இங்கு நானும் முருங்கை மரமும் நலம். ஸ்ரீமுஷ்ணத்தில் நீங்களும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவீர்கள் என்பதால் எழுதுகிறேன். என் வீட்டை ஒட்டி அப்பா நம் இருவர் பேரிலும் விட்டுப்போன மனையை விற்றுத்தான் நீங்கள் கறிக்கோழிப் பண்ணை வைப்பதாக இருக்கிறீர்கள். அதைப் பார்க்க நீங்கள் அனுப்பிய கார்த்திகேசன் ஞாயிற்றுக்கிழமை வந்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்கு நான் காரணம். முழுக் காரணம் இல்லை.

கடையில் வாங்கிய களைக்கொத்தி இரண்டே வாரத்தில் வளைந்தது. சிதம்பரத்தில் இயற்பியல் படித்து, இருபத்துநாலு வருஷமாக அதையே சொல்லிக்கொடுக்கிறவள் ஒரு களைக்கொத்தியைத் தானே அடித்துக்கொள்ள முடியாதா என்று தோன்றியது. சிப்காட் பக்கம் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் சடையப்பனிடம் போனேன். லாரியின் பிரேக் டிரம் உலையானது. காற்றுக்கு, அண்ணி பொங்கலுக்கு வந்தபோது மறந்துவிட்டுப் போன ஹேர் டிரையரை வைத்தேன்; முதல் நாள் நன்றாக ஊதியது, இரண்டாம் நாள் அதன் வாய் உருகித் தொங்கியது, அண்ணியிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லவும். வீடு கட்டி மிஞ்சிய கம்பி இரண்டை வளைத்துக் குறடு செய்தேன். அது என் முந்தானையைத் தவிர எதையும் பிடிக்கவில்லை. பட்டறைக்கல்லுக்குப் பதிலாகச் சடையப்பன் ஒரு லாரி ஆக்சிலைக் காட்டினார். "மேடம், இத்த நட்டமா பொதைச்சிடுங்க. தலப் பக்கம் தட்டையா இருக்குது பாருங்க, அதும்மேல வெச்சி அடிங்க. யான வந்தாலும் அசையாது" என்றார். மனையில் பூவரச மரத்தடியில், தட்டைத் தலை மேலே இருக்கும்படி, இடுப்பளவு உயரத்துக்கு நட்டேன். உங்களைக் கேட்கவில்லை, உண்மை. தேவனாம்பட்டினத்துக் கடல்காற்றில் எதுவும் துருப்பிடித்துவிடும் என்பதால் தினமும் எண்ணெய் தடவி, பழைய சிவப்புத் துணி ஒன்றைச் சுற்றி வைத்தேன். இதில் எங்கே தப்பு என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

நாலாம் நாள் காலை, அதன் தலையில் போல்ட் மாட்டுகிற எட்டு ஓட்டையிலும் ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டுப் பட்டம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்மா எழிலு, சாமிய நட்டுட்டு ஒரு வார்த்த சொல்லலியே!"

"அது சாமி இல்லீங்க. லாரி ஆக்சில்."

"இருக்கட்டுமே. எத்தினி பாரத்த தாங்கியிருக்கும்! நம்ம பாரத்த தாங்காதா?"

நிறை, விசை எல்லாம் பாடம் எடுக்கிறவள், சுத்தியலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனேன். வெள்ளிக்கிழமைக்குள் எலுமிச்சம்பழ மாலை வந்துவிட்டது. காத்தவராயன் என்று ஒரு கட்சி, அய்யனார் என்று ஒரு கட்சி. சண்டை வேண்டாமென்று இரும்புச்சாமி என்று பேர் வைத்துக்கொண்டார்கள். நான் சுத்தியலால் நாலு அடி அடித்தால் பூசை மணி என்று கூட்டம் கூடுகிறது. டேப்போடு அளக்க வந்த கார்த்திகேசன் செருப்பைக் கழற்றினார். "சாமி இருக்கற எடத்துல பெட்ரூம் கட்டுனா குடும்பத்துக்கு ஆவாதுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஆகவே வருகிற ஞாயிறு சடையப்பன் ஆளோடு வந்து அதைத் தோண்டி எடுத்துவிடுவார். நான் எதையும் எளிதில் நம்புகிறவள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். கறிக்கோழியும் அதில் சேர்த்திதான். இருந்தாலும் உங்கள் ஆசைக்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன். கார்த்திகேசனை மறுபடி அனுப்புங்கள். அண்ணிக்கு என் அன்பு. போன வருஷக் காடைப் பண்ணையில் மிஞ்சிய இரண்டு காடைகளுக்கும்.

உங்கள் தங்கை,
எழிலரசி

பின்குறிப்பு (சனிக்கிழமை): கடிதத்தை ஒட்டுவதற்குள் கார்த்திகேசனே வந்துவிட்டார், மனைவியோடு, தேங்காயோடு. அன்று கும்பிட்டுப் போன மறுநாளே, மூன்று வருஷமாக இழுத்துக்கொண்டிருந்த டிரான்ஸ்ஃபர் கடலூருக்கே கிடைத்ததாம். மனையை வாங்கிக்கொள்கிறாராம், ஆனால் ஆக்சிலைச் சுற்றிச் சுவர் எழுப்பிப் பூட்டிவிடுவாராம், பிறகு யாரும் தொடக்கூடாதாம். இதற்கிடையில், இங்கே உடைக்கிற தேங்காய்களின் கொட்டாங்குச்சியைக் கரியாக்கி நேற்று உலையில் போட்டுப் பார்த்தேன். இதுவரை அடுப்புக்கரியில் கறுத்தே கிடந்த இரும்பு பழம் மாதிரி சிவந்தது. களைக்கொத்தி சொன்னபடி வந்தது, வளையவில்லை. மனை விற்பனைக்கு இல்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். சாமி இன்னும் உத்தரவு கொடுக்கவில்லை என்றேன்.