சுவருக்குள் ஜெயித்தவர்கள்

எங்கள் தொகுதி பிறந்த கதையே ஒரு கூத்து. பக்கத்து மூன்று தொகுதிகளுக்குப் பங்கு பிரித்தபின் மிச்சம் விழுந்த தெருக்களை ஒட்டுப்போட்டு, ஒரு நம்பர் கொடுத்துவிட்டார்கள். எல்லைக்கோடு சலூன்காரர் கடைக்குள் புகுந்து போனது. நாற்காலி எங்கள் தொகுதி, கண்ணாடி அடுத்த தொகுதி. இருந்த ஒரே ஆஸ்பத்திரியும் கண்ணாடிப் பக்கம் போய்விட்டது. அந்தத் தொகுதிக்காரர்கள் அதைத் தங்கள் நடுவூருக்கு மாற்றிக்கொண்டார்கள். இப்போது போய்ச்சேர ஒன்றரை மணி நேரம்.

அதன்பின் நான்கு தேர்தல் நடந்தது. நான்கிலும் ஜெயிப்பவர் பெயரை முன்கூட்டியே எழுதிவைத்த மகான், சுவர் ஐயா. வேட்புமனு முடிந்த அன்று பெயரை எழுதி, பாட்டிலில் போட்டு, வீட்டுச் சுவருக்குள் வைத்துப் பூசிவிடுவார். முடிவு வந்ததும் ஊர் முன்னால் உடைத்து எடுப்பார். ஒருமுறைகூடத் தப்பியதில்லை! சுவரைத் தொடக் கட்டணம். காது வைத்துக் கேட்கத் தனிக் கட்டணம். படித்த வாத்தியார்களும் வரிசையில் நின்று செங்கல் என்ன சொல்கிறது என்று கேட்டார்கள்.

ஐந்தாம் தேர்தலில், ஒற்றை அறை கிளினிக்கில் ஊசி போடும் நர்சம்மா நின்றார். பதினோரு வேட்பாளர்களில் பிரசவ ஆஸ்பத்திரி கட்டுவேன் என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.

வாக்குப்பதிவு அன்று சலூன்காரர் கடையிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் மகளுக்கு அது எட்டாம் மாதம்.

“ஓட்டுப் போட வரலையாண்ணே?” என்றார் நர்சம்மா.

“எதுக்கும்மா வீணா அலையணும்? முடிவுதான் சுவத்துக்குள்ள இருக்கே! உங்க பேரு இருந்தா நீங்கதான்.”

அவரைப் போல இருநூறு பேர் படியிறங்கவில்லை. நர்சம்மா பத்தொன்பது ஓட்டில் தோற்றார். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

முடிவு வந்ததும் சுவர் ஐயா கண்ணை மூடி, உளியால் ஒரு தட்டுத் தட்டினார். பாட்டில் வந்தது. ஜெயித்த செங்கல் சூளைக்காரரின் பெயர் அதில் இருந்தது. கூட்டம் வாயைப் பிளந்தது.

“ஐயா, ஒரு சந்தேகம்,” என்றார் நர்சம்மா. “வேட்புமனு முடிஞ்ச அன்னிக்கு எங்கிட்ட காலி மருந்து பாட்டில் பதினொண்ணு வாங்கிட்டுப் போனீங்களே. ஒண்ணு இதோ இருக்கு. மீதி பத்து எங்க?”

ஐயாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. “அதுல... எண்ணெய் ஊத்தி வச்சிருக்கேன்.”

“அப்ப இந்தப் பக்கமும் ஒரு தட்டுத் தட்டிப் பாக்கலாமா?”

“ஐயோ, வேணாம்மா! சுவத்துக்கு வலிக்கும்!”

நாலைந்து பேர் பதறிப்போய்ச் சுவரைத் தடவிக் கொடுத்தார்கள். நர்சம்மா உளியை வாங்கி, புதுப்பூச்சு தெரிந்த இடத்தில் தட்டினார். இன்னொரு பாட்டில். ‘வெல்பவர் நர்சம்மா.’ பிறகு ஊரே தட்ட ஆரம்பித்தது. பழைய தேர்தல்களும் உதிர்ந்தன. முதல் தேர்தலில் நின்ற ஒன்பது பேரும் அமோக வெற்றி! டெபாசிட் இழந்தவர், பிரசாரத்தின் நடுவே செத்துப்போனவர், எல்லோரும் எம்.எல்.ஏ.! கடைசியில் சுவரே சரிந்தது. அதற்குள் ஐயா பின்வாசல் வழியாகக் கம்பி நீட்டிவிட்டார்.

“அடப்பாவி! இருபது வருஷமா எங்க தலையில மிளகா அரைச்சிருக்கானே!” என்று கத்தினார் சலூன்காரர். கத்தி முடித்ததும் அவருக்குப் புதுக் கவலை வந்தது.

“அப்ப அடுத்த தடவை யாரு ஜெயிப்பாங்கன்னு எப்படிம்மா தெரிஞ்சுக்கிறது?”

நர்சம்மா கையில் ஒட்டிய சிமெண்டைத் தட்டிவிட்டார்.

“போய் ஓட்டுப் போடுங்கண்ணே, தெரிஞ்சுடும். இப்ப உங்க பொண்ணுக்கு ஒரு வண்டி பேசி வைங்க. இன்னும் அஞ்சு வருஷத்துக்கு ஆஸ்பத்திரி கண்ணாடிப் பக்கம்தான்.”