கடல் மட்டத்துக்கு மேல் நாற்பதடி

உலக மலைச் சைக்கிள் வரலாற்றில் எர்ணாவூரின் பெயரைப் பொன்னெழுத்துகளில் பொறிக்க வேண்டிய வேளை வந்துவிட்டது என்று இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுகிறது. வடசென்னை மலைச் சைக்கிள் கழகம் உதயமாகிவிட்டது. தலைவர் ஜேக்கப். செயலாளரும் ஏனைய உறுப்பினர்களும் லியாகத் அலி. சைக்கிள் இரண்டு. தலைக்கவசம் இரண்டு. மலைதான் இல்லை.

அதுதான் சிக்கல். நகரத்தின் தென்கோடியில் இருக்கும் ஒரு பெரிய சைக்கிள் சங்கம் ஜனவரியில் ஏலகிரிக்குச் சவாரி போகிறது. அதில் சேர வேண்டுமானால் ஒரே நாளில் ஆயிரம் மீட்டர் ஏறியதற்குச் செல்போனில் ஆதாரம் காட்ட வேண்டும். ஜேக்கப் போன் செய்து விசாரித்தபோது ஒரு பெண் மிகுந்த அன்போடு பதில் சொன்னாள்.

"எர்ணாவூரா? எண்ணூர் பக்கமா சார்? அங்க மலையே கிடையாதே. நீங்க பீச்ல ஜாலியா ஓட்டுங்களேன்."

துறைமுகத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர் ஜேக்கப். மேலதிகாரிகள் ஃபைலை முகத்தில் எறிந்தபோதெல்லாம் வராத ரோஷம் அந்த 'ஜாலியா'வில் வந்தது.

"அவங்க ஏரியால மட்டும் இன்னா பாய், இமயமலையா கீது?"

"அவங்களுக்கு கார் கீது மாமு. சைக்கிள மேல கட்டிகினு மலைக்குப் போறாங்க," என்றார் லியாகத் அலி. வண்ணாரப்பேட்டையில் பழைய இரும்புக் கடை வைத்திருப்பவர். சர்க்கரை ஏறிவிட்டதென்று டாக்டர் சொன்னதால் சைக்கிள் ஏறியவர்.

முதல் திட்டம் மேம்பாலம். உயரம் எட்டு மீட்டர். நூற்றிருபத்தைந்து தடவை ஏறி இறங்கினால் ஆயிரம். கன்டெய்னர் ட்ரெய்லர்களுக்கு நடுவே நெளிந்து பதினோராவது தடவை ஏறும்போது போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டினார்.

"இன்னா சார், எதுனா தொலைச்சுட்டியா?"

"பயிற்சி சார். மலை ஏர்றதுக்கு."

காவலர் பாலத்தைப் பார்த்தார். ஜேக்கப்பின் தொந்தியைப் பார்த்தார். "ட்ரெய்லர்காரன் ஏத்திட்டான்னா சுரண்டி எடுக்கறது நானு. இறங்கு, இறங்கு."

அன்று மாலை மொட்டை மாடியில் நின்றபோதுதான் ஜேக்கப்புக்கு ஞானம் பிறந்தது. ஒன்பது வருடமாகக் கண்ணெதிரே நின்ற ஒன்றை அவர் முதன்முறையாகப் பார்த்தார். தெருக்கோடிக் கம்பெனி கொட்டிக் குவித்திருந்த சாம்பல் மேடு. நாற்பதடி. அதாவது பன்னிரண்டு மீட்டர். எண்பத்து நான்கு தடவை.

அவர் மனைவி வியாகுலம்மாளும் அதே மேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், வேறு காரணத்துக்காக. காற்றடித்தால் சோற்றில் சாம்பல், துணியில் சாம்பல், நெஞ்சுக்குள் சாம்பல். இன்ஹேலரை இடுப்பில் செருகிக்கொண்டு, தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, ஆறு வருடத்தில் முப்பத்தேழு மனு கொடுத்திருந்தாள். ஒருவழியாக இந்த அக்டோபரில் உத்தரவு வந்தது. டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் கம்பெனி மொத்தச் சாம்பலையும் அள்ளிவிட வேண்டும். சமவெளியாக்கிக் காட்ட வேண்டும் என்று எழுதத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

"அள்றதுக்கு இன்னும் ரெண்டு மாசம் கீதே வியாகுலம். அது வரிக்கும் சும்மாதான கெடக்குது?"

"சும்மாவா கெடக்குது? என் நெஞ்சுல கெடக்குது."

மறுநாளே கழகம் மேட்டில் ஏறியது. சக்கரம் சாம்பலில் புதைந்தது. புதைந்த சக்கரத்தை இழுத்தபோது எழுந்த தூசி மூன்று தெருக்களுக்குப் போதுமானதாக இருந்தது. எதிர்வீட்டு முத்தம்மா துவைத்துக் காயப்போட்ட புடவையோடு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"ஜேக்கப்பண்ணே, முன்னல்லாம் காத்து அடிச்சாத்தான் பறக்கும். இப்போ காத்தே வாணாம், நீ ஒர்த்தன் போதும்."

தூசிக்கு மருந்து தண்ணீர். தண்ணீர் வேண்டுமென்றால் கம்பெனியைத்தான் கேட்க வேண்டும். ஜேக்கப் பழைய குமாஸ்தா அல்லவா, 'எர்ணாவூர் மலையில் மிதிவண்டி விளையாட்டுக்கு அனுமதி கோருதல்' என்று தலைப்பிட்டு, கழகத்தின் முத்திரை குத்தி, கடிதம் எழுதிக்கொண்டு போனார்.

மேனேஜர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். வியாகுலம்மாளை ஆறு வருடமாக வாசலிலேயே நிறுத்திப் பேசிய மனிதர், ஜேக்கப்பை உட்காரவைத்து டீயும் பிஸ்கட்டும் வரவழைத்தார்.

"வேற என்ன சார் வேணும்? கூச்சப்படாதீங்க."

"ஒரு லாரி தண்ணி..."

"தினம் ரெண்டு அனுப்பறேன். அப்புறம்?"

"சரிவு கொஞ்சம் செங்குத்தா கீது. வளைச்சு வளைச்சு ஒரு பாதை போட்டா..."

"செஞ்சிடலாம்," என்ற மேனேஜர் முன்னால் சாய்ந்து, தாய்மையோடு கேட்டார். "உயரம் போதுமா?"

வாழ்நாளில் யாரும் ஜேக்கப்பை அப்படிக் கேட்டதில்லை. கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நல்லது என்று சொல்லிவிட்டார்.

ஒரு வாரம் லாரிகள் வந்தபடி இருந்தன. மேடு பன்னிரண்டு மீட்டரிலிருந்து பதினாறு ஆனது. எண்பத்து நான்கு தடவை அறுபத்து மூன்றாகக் குறைந்தது. மூன்று கொண்டை ஊசி வளைவுகள், ஓரத்தில் புல், உச்சியில் ஒரு சிமென்ட் பெஞ்சு, கீழே 'எர்ணாவூர் மலை தங்களை அன்புடன் வரவேற்கிறது' என்று பச்சைப் பலகை. கழகத்துக்கு இலவசமாக டீ-ஷர்ட். ஒரு போட்டோகிராபர் வந்து விதவிதமாகப் படம் பிடித்துப் போனார்.

"அள்றேன்னு கையெழுத்து போட்டவன் கொட்டிகினு கீறான். நீ அவன் குடுத்த பனியன மாட்டிகினு கீற," என்றாள் வியாகுலம்மாள். இதைச் சொல்வதற்குள் அவள் இரண்டு முறை மூச்சு வாங்கினாள்.

"அதான் உத்தரவு கீதே வியாகுலம். முப்பத்தொண்ணாந்தேதி அள்ளித்தான ஆவணும்? எவ்ளோ கொட்னாலும் அவன்தான அள்ளப் போறான்?"

டிசம்பர் இரண்டாவது ஞாயிறு அந்தச் சரித்திர நாள். லியாகத் அலி பன்னிரண்டாவது ஏற்றத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, "மாமு, நீ நாட்ட காப்பாத்து, நான் முட்டிய காப்பாத்திக்கிறேன்," என்று விலகிவிட்டார். ஜேக்கப் மிதித்தார். காய்ந்துபோன பாதை முப்பதாவது ஏற்றத்திலேயே பொடியாகிப் பறக்கத் தொடங்கியது. அதையும் மிதித்தார். நான்கு மணிக்கு அறுபத்து மூன்றாவது ஏற்றம். செல்போன் ஆயிரத்தெட்டு மீட்டர் காட்டியது. தென்கோடிப் பெண் கட்டைவிரல் படம் அனுப்பினாள்.

ஐந்து மணிக்கு வியாகுலம்மாளை ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே அவளுக்கு மூக்கிலும் வாயிலும் முகமூடி மாட்டி மருந்துப் புகை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜேக்கப் அதே டீ-ஷர்ட்டோடு பக்கத்தில் நின்றார். அவர் இருமியபோதும் கறுப்பாகத்தான் வந்தது. கொஞ்சம் மூச்சு திரும்பியதும் அவள் முகமூடியை விலக்கினாள்.

"ஏறினியா?"

"ஏறினேன்."

"எத்தினி வாட்டி?"

"அறுவத்து மூணு."

"மேலேந்து பாத்தா நம்ம வூடு தெரியுதா?"

தெரியவில்லை. தூசி மறைத்துவிட்டது. ஜேக்கப் முகமூடியை அவள் மூக்கில் திரும்பப் பொருத்தினார்.

மறுநாள் ஏலகிரிக்கு வரவில்லை என்று செய்தி அனுப்பினார். சைக்கிளை லியாகத் அலியின் கடைக்கே உருட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டார். முப்பத்தொன்றாம் தேதிக்காகத் தெருப் பெண்களோடு சேர்ந்து அவரும் நாள் எண்ணத் தொடங்கினார்.

அந்தத் தேதியும் வந்தது, காலை பத்து மணிக்கு ஒரு ஜீப்பும் வந்தது. உத்தரவு நிறைவேறியதா என்று பார்க்க வந்த அதிகாரி இறங்கினார், மேனேஜர் இறங்கினார், ஃபைலோடு ஓர் அட்டெண்டர் இறங்கினார். பெண்கள் கூடிவிட்டார்கள். ஜேக்கப் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் போனார். இரவெல்லாம் மனப்பாடம் செய்த பேச்சு.

"ஐயா, எங்க கழகம் இந்த மலைமேல வெச்சிருந்த எல்லா உரிமையையும் மனசார வுட்டுக்குடுக்குது. எங்க வியர்வை சிந்தின எடம்தான். பரவால்ல. தயங்காம அள்ளிக்கங்க."

அதிகாரி அவரை வினோதமாகப் பார்த்தார். பச்சைப் பலகையைப் பார்த்தார். உச்சிவரை கண்ணை ஓட்டினார். போட்டோ எடுத்தார். ஃபைலை வாங்கினார். அதில் ஜேக்கப்பின் கடிதம் இருந்தது, ஜேக்கப் சைக்கிள் மிதிக்கும் படங்கள் நான்கு இருந்தன. கடைசித் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மேனேஜரோடு கை குலுக்கி, ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார்.

"சார், அப்போ லாரி எப்போ வரும்?" என்று வியாகுலம்மாள் ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அட்டெண்டர்தான் ஃபைலின் நாடாவை முடிந்துகொண்டே பதில் சொன்னார்.

"லாரி எதுக்கும்மா? சாம்பல போன மாசமே முழுசா அள்ளியாச்சுன்னு ரெக்கார்டு ஆயிடுச்சு. இது மலை."