நிமிஷம் இல்லாத கடிகாரம்

“கடிகாரம் வந்து சேர்ந்தது. மணி தெரிகிறது. நிமிஷம் தெரியவில்லை. பெரிய முள்ளைக் காணோம். – சக்கரவர்த்தி, விழுப்புரம்.”

பாறைமேல் உட்கார்ந்திருந்த அசோக்குமாருக்குத் திக்கென்றது. நெல்லிக்கொல்லை என்ற அந்த மலையூரில் செல்போனுக்கு உயிர் வருவது அந்தப் பாறைமேல் மட்டும்தான். நல்ல சேதியோ கெட்ட சேதியோ, மூச்சு வாங்க ஏறிப்போய்த்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பக்கத்தில் இருந்த மனைவி அபிநயா எட்டிப் பார்த்தாள்.

“இன்னா மாமா, ஸ்டார் குடுத்துட்டாரா?”

“முள்ளு காணோமாம்.”

“எந்த முள்ளு?”

“நிமிஷ முள்ளு.”

“நான்தான வீடியோ எடுத்தேன். ரெண்டு முள்ளும் ஜம்முனு நின்னுச்சு. அவரு வூட்டுக்குப் போனதும் ஒண்ணு மட்டும் எறங்கி நடந்து பூடுச்சா?”

அசோக்குமார் போனை மடியில் கவிழ்த்தான். அவன் கண் முன்னால் திருப்பூர் தெரிந்தது.

அவனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஏழு வருஷம் உழைத்து, ஒரே அறையில் பதினோரு பேரோடு படுத்து எழுந்து, போதுமடா சாமி என்று மலைக்குத் திரும்பியவன். இப்போது மலையிலும் அடிவாரத்திலும் வீடு வீடாகப் போய், மூலையில் கிடக்கும் பழைய சாமான்களை வாங்கி, இணையத்தில் ஏலம் விடுகிறான். இதுவரை வாங்கியவர்கள் அத்தனை பேரும் அவனுக்கு ஐந்து ஸ்டார் கொடுத்திருக்கிறார்கள். ஏலத் தளத்தில் அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சையாக ஒரு நட்சத்திரம் மின்னும். அதைப் பிரிண்ட் எடுத்து, கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறான். உடைந்த பொருளை விற்றான் என்று ஒரே ஒரு புகார் நிரூபணமானால் போதும், கணக்கை மூடிவிடுவார்கள். கணக்கு மூடினால் மறுபடியும் பனியன் கம்பெனிதான். அந்தப் பதினோரு பேரும் இன்னும் அதே அறையில்தான் இருக்கிறார்கள்.

“அம்மாகிட்ட மூச்சு வுடாத” என்றான்.

“நான் ஏன் சொல்றேன்? அத்தைக்குத் தெரிஞ்சா சோறு தண்ணி எறங்காது. எம்புள்ள வூட்லயே இருந்து சம்பாதிக்குதுன்னு ஊர் பூரா சொல்லி வெச்சிருக்காங்க.”

அந்த அத்தையின் பெயர் செல்லி. மகனுடைய தொழிலில் அவளுக்கும் ஒரு வேலை உண்டு. அசோக்குமார் பொருளை வைக்கோல் வைத்து அட்டைப் பெட்டிக்குள் இறக்கி, சணல் கயிறு போட்டுக் கட்டுவான். மலை ஈரத்துக்கு டேப் ஒட்டாது. அதற்கு மேலே கோணியைச் சுற்றிக் கோணி ஊசியால் தைப்பது செல்லி. முதல் பெட்டியை அவள்தான் தைத்தாள், அது நல்ல விலைக்குப் போனது. அன்றிலிருந்து அம்மா கைதான் ராசி. தைத்த மூட்டை பஸ் மேலே ஏறி, கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி, திருப்பத்தூர் கூரியருக்குப் போய்விடும்.

அசோக்குமார் பணிவாகத்தான் ஆரம்பித்தான். “ஐயா, பிரிக்கும்போது வீடியோ எடுத்திருந்தால் அனுப்பவும்.”

சக்கரவர்த்தி கோர்ட்டில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடியோ எடுக்காமல் அவர் தபால் உறையைக்கூடப் பிரிக்க மாட்டார். அடுத்த நிமிஷமே வந்து விழுந்தது. இணைப்பு ஒன்று, இணைப்பு இரண்டு, இணைப்பு மூன்று. கோணித் தையல் பிரியாமல் இருக்கிறது. கத்தரிக்கோல் வருகிறது. பெட்டி திறக்கிறது. கடிகாரத்தின் முகத்தில் சின்ன முள் மட்டும் தனியாக நிற்கிறது.

அபிநயா அதை ஆறு தடவை பார்த்தாள்.

“கையப் பாரு மாமா, முழுக்கை சட்டை. வெயில் காலத்துல எவனாச்சும் முழுக்கை சட்டை போடுவானா? முள்ளு அதுக்குள்ளதான் இருக்குது.”

“ஒரு முள்ளு திருடி அவரு இன்னா பண்ணப் போறாரு?”

“அது அவரத்தான் கேக்கணும்.”

சண்டை வேண்டாம், முள்ளையே அனுப்பிவிடலாம் என்று அசோக்குமார் செங்கத்துக்குப் போனான். கடிகாரக் கடைக்காரர் ஒற்றை முள் தரமாட்டேன், சின்னதும் பெரியதும் ஜோடியாகத்தான் தருவேன் என்றார். சரி, உபரியாக இருக்கட்டும் என்று இரண்டையும் வாங்கி, ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு, சின்ன அட்டைப் பெட்டியில் வைத்துக் கட்டினான்.

“இது இன்னாடா?” என்று செல்லி கேட்டாள்.

“கடிகாரம் வாங்கினாரே, அவருக்கு உபரி சாமான்மா.”

“குடு, தெச்சித் தர்றேன்.”

ஐந்தாம் நாள் பாறைமேல் சேதி வந்தது.

“தாங்கள் அனுப்பிய டப்பாவில் ஒரே ஒரு முள் இருந்தது. அது சின்ன முள். ஆக, என்னிடம் இப்போது இரண்டு மணி முள் இருக்கின்றன. நிமிஷ முள் இன்னும் இல்லை. ஒரே சமயத்தில் இரண்டு மணி பார்க்க எனக்கு விருப்பமில்லை. – சக்கரவர்த்தி.”

அசோக்குமார் அப்படியே பாறையில் மல்லாந்து படுத்துவிட்டான்.

“ரெண்டு போட்டேன்டி. என் கையால ரெண்டு போட்டேன்.”

“நானும்தான் பாத்தேன்.” அபிநயா குரலைத் தாழ்த்தினாள். “மாமா, எனக்கு ஒண்ணு தோணுது. அந்தாளு ஒவ்வொரு சாமானா நம்மகிட்டயே புடுங்கி, இன்னொரு கடிகாரம் சேக்குறாரு.”

கேட்க அபத்தமாக இருந்தாலும், வேறு எந்த விளக்கமும் இல்லாததால் அசோக்குமார் அதை நம்பத் தொடங்கினான். ஆனாலும் அவன் மனசாட்சி உள்ளவன். வேறு யாரையும் விசாரிக்காமல் ஒரு பெரிய மனிதரைத் திருடன் என்று சொல்லிவிடக் கூடாது என்று நினைத்தான். அதனால் பஸ் கண்டக்டரை விசாரித்தான்.

“அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. மூட்டையிலருந்து ஏதாச்சும் முள்ளு கிள்ளு எடுத்தீங்களா?”

கண்டக்டர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“இருபது வருசமா இந்த மலையில ஓடுறேன். ஆட்டுக்குட்டியக்கூட ஆள் இல்லாம ஏத்திவுடுவாங்க, பத்திரமா சேத்திருக்கேன். உன் முள்ள எடுத்து நான் இன்னா காதுல மாட்டிக்கவா? இனிமே உன் மூட்டை என் பஸ்ல ஏறாது.”

ஏறவில்லை. ஊருக்கு வருவது அந்த ஒரு பஸ்தான். அசோக்குமார் தலையில் கை வைத்துக்கொண்டான்.

கடைசியில் அவனே ஒரு முடிவுக்கு வந்தான். கடிகாரத்தை முழுதாகத் திருப்பி அனுப்பச் சொன்னான். அதில் சக்கரவர்த்தியின் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. அனுப்பினார். இரண்டு மணி முள்ளையும் தனித்தனிக் கவரில் போட்டு, ரசீது கேட்டு அனுப்பினார்.

வீட்டுக்குள் கடிகாரத்தைப் பார்த்ததும் செல்லி நின்றுவிட்டாள்.

“வித்தது இன்னாடா திரும்பி வந்துடுச்சு?”

“எண்ணெய் போடணுமாம்மா. போட்டுட்டு அனுப்பிடுவேன்.”

“அப்ப மறுபடியும் போவுதா?”

“ஆமாம்மா.”

“சரி சரி” என்று அவள் கோணி தேடப் போய்விட்டாள்.

அசோக்குமார் மறுபடி செங்கம் போய், மறுபடி ஜோடி முள் வாங்கி வந்து, இரண்டையும் அவனே மாட்டினான். ஒரு நாள் முழுக்கக் கடிகாரத்தை ஓடவிட்டுப் பார்த்தான். பெண்டுலம் அழகாக ஆடியது. ஒவ்வொரு மணிக்கும் சரியாக அடித்தது. அன்றைய செய்தித்தாளைப் பக்கத்தில் வைத்து, கோயில் பூசாரி கருப்பனைச் சாட்சிக்கு நிற்க வைத்து, கயிறு முடிச்சு விழும்வரை அபிநயா வீடியோ எடுத்தாள். பிறகு கருப்பனுக்கு எல்லோருமாக டீ போட்டுக் கொடுத்தார்கள். அதற்குள் செல்லி கோணி தைத்து முடித்திருந்தாள். அசோக்குமார் அதை வண்டியில் கட்டி, தானே திருப்பத்தூர் வரை ஓட்டிப்போய், கூரியர் மேசைமேல் வைத்துவிட்டு வந்தான். வழியில் ஒன்றுக்குப் போகக்கூட நிற்கவில்லை.

“இப்ப இன்னா சொல்றாருன்னு பாக்கலாம்” என்றான்.

சக்கரவர்த்தி சொன்னார்.

“மணி தெரிகிறது. நிமிஷம் தெரிகிறது. நன்றி. ஆனால் கடிகாரம் ஓடவில்லை. பெண்டுலத்தைக் காணோம்.”

ஒரு மனிதன் இப்படியும் இருப்பானா என்று அசோக்குமார் வாய்விட்டே கேட்டான். முள்ளையாவது சட்டைக் கைக்குள் ஒளிக்கலாம். பெண்டுலம் உள்ளங்கை அகலம் இருக்கும்.

“எழுது மாமா” என்றாள் அபிநயா. “திருடன்னே எழுது.”

எழுதினான். வாங்குபவர் மோசடிப் பேர்வழி என்று தளத்தில் புகார் கொடுத்தான். கொடுத்த பிறகுதான் தெரிந்தது, விற்பவர் மோசடிப் பேர்வழி என்று சக்கரவர்த்தி அன்று காலையே புகார் கொடுத்திருக்கிறார். பதினேழு இணைப்புகளோடு. தளத்திலிருந்து பதில் வந்தது. இரண்டு நாளைக்குள் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அசோக்குமாரின் கணக்கு மூடப்படும். பச்சை நட்சத்திரம் அப்போதே சாம்பல் நிறத்துக்கு மாறியிருந்தது.

மறுநாள் காலை பஸ்ஸில், முழுக்கை சட்டையும் தோளில் ஒரு கோணி மூட்டையுமாக ஒரு பெரியவர் நெல்லிக்கொல்லையில் இறங்கினார். கண்டக்டரே அவருக்கு வீட்டைக் கைகாட்டினார். கொஞ்சம் சந்தோஷமாகவே காட்டினார்.

“நீங்கதான் அசோக்குமாரா?”

“நீங்க?”

“சக்கரவர்த்தி. விழுப்புரம். ஒரு விஷயம் கேக்கணும் தம்பி. கடிகாரத்த நீங்க தவணை முறையிலதான் விக்கிறீங்களா?”

“நான் முழுசாத்தான் அனுப்பினேன். நீங்கதான் புடுங்கிப் புடுங்கி இன்னொரு கடிகாரம் செய்றீங்க.”

சக்கரவர்த்தி அதிர்ந்துபோய் மூட்டையைக் கீழே வைத்தார். முப்பத்து நாலு வருஷக் கோர்ட்டு உத்தியோகத்தில் எத்தனையோ பேரைப் பார்த்தவர், அவரையே குற்றவாளிக் கூண்டில் யாரும் ஏற்றியதில்லை.

“என்னையா திருடன்றீங்க?”

“பின்ன? தையல் பிரியல, பஸ்ல போவல, நானே கொண்டுபோய் வெச்சேன். உங்களத் தவுர யாரு இருக்கா?”

“அதேதான் நானும் கேக்கறேன். தையல் பிரியாம வந்துச்சு. உங்களத் தவுர யாரு இருக்கா?”

கூட்டம் சேர்ந்துவிட்டது. அரை மணி நேரம் இருவரும் மாறி மாறி வீடியோ காட்டினார்கள். இரண்டு வீடியோவும் உண்மையாகத்தான் தெரிந்தன. அதுதான் எல்லோரையும் கலக்கியது. கடைசியில் சக்கரவர்த்தியே கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு வழி சொன்னார்.

“காகிதத்த விடுங்க. உங்க ஊர்க் கோயில்ல கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணுங்க. முழுசாத்தான் உங்க வூட்ட விட்டுப் போச்சுன்னு சொல்லுங்க. நான் அத வீடியோ எடுத்து, தப்பு எம்மேலதான்னு எழுதி, இந்தத் தளத்துக்கே அனுப்பிட்டு எறங்கிப் போயிடறேன்.”

கூட்டம் ஓரடி பின்வாங்கியது. அந்தக் கோயிலில் பொய்ச் சத்தியம் பண்ணிய குடும்பம் தழைத்ததில்லை என்பது ஊருக்கே தெரியும். சும்மா வாய்ப் பேச்சுக்குக்கூட யாரும் அங்கே கற்பூரத்தைத் தொட மாட்டார்கள். ஆனால் அசோக்குமார் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அவன் மனசில் கள்ளம் இல்லை. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது அவனுக்கு.

“வாங்க போலாம்” என்றான்.

பூசாரி கருப்பன் தட்டில் கற்பூரத்தை ஏற்றினார். சக்கரவர்த்தி போனைத் தூக்கிப் பிடித்தார். அபிநயா கண்ணை மூடிக்கொண்டாள். அசோக்குமார் வலது கையை நெருப்புக்கு மேலே நீட்டினான்.

“இந்த அம்மன் மேல சத்தியமா...”

சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த செல்லிக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தவள், மகனுடைய மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“இன்னாத்துக்குடா சத்தியம்? இன்னா நடக்குது இங்க?”

இனி மறைத்து என்ன பயன் என்று, முள் போனது முதல் பெண்டுலம் போனது வரை அபிநயா ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். கணக்கு மூடிவிடுவார்கள் என்பதையும், மறுபடி திருப்பூர் போக வேண்டியிருக்கும் என்பதையும் சொன்னாள்.

செல்லி பிடியை விடவில்லை.

“கற்பூரத்தத் தொடாதடா. முள்ளு ரெண்டும் அந்த ஆடுற குண்டும் நான்தான் எடுத்து வெச்சிருக்கேன். மாடு வித்தா கயித்த நாம வெச்சிக்கிறோம். சாமை வித்தா கடைசியா ஒரு கை அள்ளி வெச்சிக்கிறோம். முழுசா அனுப்பினா வூட்டு லட்சுமியும் கூடவே பூடாதா?”

சக்கரவர்த்தி வாயைத் திறந்தவர் மூடவில்லை. அவர் கையில் இருந்த போன் மட்டும் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது. அசோக்குமார் அதை ஒரு தடவை பார்த்தான், அம்மாவை ஒரு தடவை பார்த்தான்.

“அம்மா... அப்ப இதுக்கு முன்ன வித்ததுல?”

“எல்லாத்துலயும் ஒண்ணு எடுத்துட்டுத்தான்டா தெச்சேன்” என்றாள் செல்லி. “இவரு ஒருத்தருதான் பிரிச்சி சரியா பாத்திருக்காரு.”