சி பிளஸ் பிளஸுக்கு என் ஓட்டு

புரோகிராமிங் ஆரம்ப வகுப்பின் ஆசிரியையும் என் ஒரே மகளுமான உனக்கு, திரையின் கடைசிக் கட்டத்தில் பாதி நெற்றி மட்டும் தெரியும் மாணவனும் உன் அப்பாவுமான நான் பணிவுடன் எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ நலம் என்பதை வாராவாரம் வகுப்பில் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம்.

இந்த வகுப்பு முடிந்து புதிதாகத் தொடங்கும் அடுத்த வகுப்புக்கு எந்த மொழி, எந்தக் கருவி வைக்கலாம் என்று எங்கள் எல்லாரையும் கேட்டிருந்தாய். என் ஓட்டு சி பிளஸ் பிளஸுக்கு. பைத்தான் வேண்டாம். ஒரே வரியில் வேலை முடிந்துவிடுகிறது, நீயும் "எல்லாருக்கும் புரிஞ்சுதில்ல, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று கிளம்பிவிடுகிறாய். நான் வேண்டுமென்றே ஒரு முக்காற்புள்ளியை விட்டுப் பார்த்தேன். உன்னைக் கேட்காமல் அதுவே தப்பைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

பிரவுசரிலேயே எழுதி ஓட்டும் இந்தக் கருவியும் ஆகாது. முதல் வாரம் வைத்திருந்தாயே, இன்ஸ்டால் செய்கிற கருவி, அதுதான் கருவி. கேட்ட இடத்திலெல்லாம் நான் 'சரி' அழுத்தி, திரை முழுக்கச் சிவப்பெழுத்தாகி, அம்மா "உங்களுக்கு எதுக்கு இந்த வேலை" என்று அவள் பங்குக்குத் திட்டி, கடைசியில் நீ அங்கிருந்தே என் கணினியைக் கையில் எடுத்துக்கொண்டாய். உன் அம்புக்குறி என் திரையில் ஓடியது. "என்னப்பா இது, ஒரே போட்டோவைப் பத்து இடத்துல போட்டு வச்சிருக்கீங்க" என்று எல்லாவற்றையும் ஒழுங்குபண்ணினாய். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அம்பு போன பக்கமெல்லாம் இரண்டு பேரும் கழுத்தைத் திருப்பினோம். நீ வீட்டுக்குள் நடமாடுகிற மாதிரியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போனில் "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்று கேட்டு, இரண்டுக்கும் சேர்த்து நான் ஒரு ஆமாம் சொல்வதற்குள் வைத்துவிடுகிறாய். உன் குரலை ஆற அமரக் கேட்பது வகுப்பில்தான். அதுவும் அடுத்த வாரம் முடிகிறதாமே. உன்னைப் பார்க்கவேண்டும் போலிருக்கிறது, அம்மாடி.

உன் மாணவர்கள் எல்லாரும் பெரிய ஆளாகட்டும், உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு. நம் வகுப்புத் தையற்காரம்மா நேற்று, அளவைக் கொடுத்தால் எவ்வளவு துணி வேண்டும் என்று சொல்கிற புரோகிராமைத் தானே எழுதி ஓட்டிவிட்டு, "இது நான் பண்ணினதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அடுத்து வருகிறவர்களுக்குக் கிடைக்கப்போகிற அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட எனக்கு மனசு வரவில்லை. பைத்தானையே வை, பிரவுசரிலேயே வை. அடுத்த வகுப்பிலும் நான் உட்காரவேண்டும், அதனால் கடைசிப் பரீட்சையில் என்னை மட்டும் ஃபெயிலாக்கிவிடு.