ஓபலின் மணிக்கட்டும் கீழே விழும் அடியும்

மொன்டானா, செப்டம்பர்

அன்பு மைத்துனர் மெர்வின் அவர்களுக்கு டெல்பர்ட் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கை ஓபலும் நலம், அவள் மணிக்கட்டைத் தவிர. அங்கே உங்கள் நலமும் உங்கள் இடுப்பின் நலமும் அறிய ஆவல்.

விஷயம் இதுதான். சனிக்கிழமை துப்பாக்கி கிளப்பில் குறிப்பலகையைச் சுட்டுவிட்டு வந்தால் ஓபல் காபிக் கோப்பையை இரண்டு கையால் பிடிக்கிறாள். கேட்டால், "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்கிறாள். அவளிடம் பேசி ஜெயிக்க முடியுமா? அதனால் நான் கொட்டகையில் உட்கார்ந்து, கனமான குண்டுக்குப் பதில் லேசான குண்டு வைத்துத் தோட்டா செய்து, அவளுடைய பழைய டப்பாவிலேயே சத்தமில்லாமல் போட்டுவிட்டேன். சுடும்போது துப்பாக்கி கையில் உதைக்கிற உதை குறைந்தது. ஆனால் ஒன்றை மறந்தேன். கனமான குண்டு மெதுவாகக் கிளம்பும். அது குழலை விட்டுப் போவதற்குள் உதையில் துப்பாக்கி மூக்கைத் தூக்கிவிடும், பலகையில் அடி மேலே விழும். லேசான குண்டு அதற்குள் ஓடியே போய்விடும், அடி கீழே. உங்களுக்கும் எனக்கும் இது அரிச்சுவடி. பாசம் கண்ணை மறைத்துவிட்டது, என்ன செய்ய.

அவள் அடியெல்லாம் நடுப்புள்ளிக்குக் கீழே விழ ஆரம்பித்தது. "கண்ணு போயிடுச்சுங்க" என்றாள். கண் வைத்தியர் கண் நன்றாக இருக்கிறது என்றார். "அப்போ கைதான் போயிடுச்சு" என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் அடுக்களையில் இருந்தபோது திருப்புளியை எடுத்து அடி மேலே ஏறட்டும் என்று, அவள் ரிவால்வரில் குறிபார்க்க வைத்திருக்கும் பின்குறியைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தேன். அந்தச் சனிக்கிழமை பார்த்து, ஏனென்றே புரியவில்லை, எல்லாம் பலகைக்கு மேலே பறந்து மண்மேட்டில் புதைந்தது. வீடு திரும்பியதும் வாசலில் இறங்கி, "என் துப்பாக்கியை வித்துடுங்க. இனிமே நீங்க மட்டும் போங்க" என்றாள். அவள் இல்லாமல் எனக்கென்ன சனிக்கிழமை வேண்டிக்கிடக்கிறது? நான் அவளை முதலில் பார்த்ததே அந்த மைதானத்தில்தானே.

என் கதை வேறு. இந்தக் கோடையில் என் மணிக்கட்டுக்கு வாலிபம் திரும்பிவிட்டது. பழைய கனத்த தோட்டாவையேதான் சுடுகிறேன், உதையே தெரியவில்லை. அடி மட்டும் சற்றுக் கீழே விழுகிறது. அது கிளப்பில் பலகை அறைகிற ராய்ஸ் கோணலாக அறைந்த லட்சணம். கமிட்டியில் புகார் கொடுத்திருக்கிறேன்.

நீங்கள் அவளுக்கு அண்ணன், உங்கள் பேச்சுக்கு மதிப்புண்டு. சனிக்கிழமைக்குள் வந்து, "கோளாறு துப்பாக்கியிலதான், உன் கையில இல்ல" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இதைத் தபாலில் சேர்க்க ஓபலிடமே கொடுக்கிறேன். அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கிற ஆள் இல்லை அவள்.

கர்த்தர் உங்கள் இடுப்பைக் காப்பாராக.

இப்படிக்கு,
டெல்பர்ட்

பி.கு.: அண்ணா, நான் ஓபல். பிரித்துவிட்டேன். தோட்டா லேசானது முதல் வெடியிலேயே என் கைக்குத் தெரிந்துவிட்டது. மனுஷன் எவ்வளவு ஆசையாகச் செய்து வைத்திருக்கிறார், அதைச் சொல்லிக் கெடுப்பானேன் என்று கண்ணையும் கையையும் சாக்குச் சொன்னேன். போன சனிக்கிழமை நானாகவே கொஞ்சம் மேலே குறிவைத்தேன். இவர் பின்குறியை ஏற்றியது இப்போதுதான் தெரிகிறது. நிஜமாகவே கை போய்விட்டதென்று நினைத்துவிட்டேன் அண்ணா. இவருக்கு ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்கவே கை வராது. எங்கள் இருவர் துப்பாக்கிக்கும் ஒரே அளவுத் தோட்டாதான், அதனால் என் லேசான தோட்டாக்களில் பாதியை ஜூன் மாதமே இவர் டப்பாவில் போட்டுவிட்டேன். இவருடைய கனத்ததெல்லாம் நிலவறையில், உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால். கண்ணாடி போடாமல் பார்க்கிறவருக்கு எல்லாம் ஒன்றுதான். ராய்ஸ் பாவம், அவனுக்கு ஆப்பிள் பை பலகாரம் ஒன்று செய்து கொடுத்தனுப்பியிருக்கிறேன். நீங்கள் இடுப்பைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். துப்பாக்கியை விற்கப்போவதும் இல்லை. பின்குறியையும் பழையபடி இறக்கி வைத்துவிட்டேன். இனி எங்கள் இருவர் அடியும் ஒரே இடத்தில் கீழே விழும்.