சொந்த ஏரிக்காரர்

வீடு வாங்குகிறவர் உண்டு, கார் வாங்குகிறவர் உண்டு, எதுவுமே வாங்காமல் விலை மட்டும் விசாரிக்கிறவரும் உண்டு. இவர்கள் எல்லோரையும் ஓரங்கட்டிவிட்டு மார்பை நிமிர்த்தி வருகிறார் பாருங்கள், அவர்தான் சொந்த ஏரிக்காரர். ஒரு சின்ன ஓடை, குறுக்கே ஒரு மண் கரை, உள்ளே ஒரு படகு. அவ்வளவுதான்; மனிதருக்கு அப்புறம் கால் தரையில் பாவாது.

நீங்கள் பல்வலி என்று பேச்சை ஆரம்பியுங்களேன். "நம்ம ஏரிப் பக்கம் வாங்க, வலி பறந்துடும்!" என்பார். விடுவாரா? ஞாயிற்றுக்கிழமை நம்மைப் பிடித்து இழுத்துப் போய், தொளதொளவென்று ஒரு மிதவைச் சட்டையை மாட்டி, படகில் உட்காரவைத்து, "ஆடாதீங்க" என்று அதட்டி, தானே ஆட்டி, எட்டு நிமிடத்தில் ஏரி முழுவதையும் சுற்றிக் காட்டிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து சுற்றிக் காட்டுவார்.

மழைக்காலத்தில் உபரித் தண்ணீர் ஓரமாக ஓடையில் இறங்க, கரையில் ஒரு கலிங்கு கட்டியிருந்தது. அது அவர் கண்ணை உறுத்தியது. வளர்த்த மீனெல்லாம் அந்த வழியாக ஓடிவிடாதா? வலை கட்டினார். வலையில் சருகு அடைத்துக்கொண்டது. தண்ணீர் ஓர் அடி ஏறி, படகு ஜம்மென்று மிதந்தது. எடுத்தார் பலகையை, அடித்தார் ஆணியை, அடைத்தார் கலிங்கை!

கரைக்கு நேர் கீழே அவருடைய தங்கை செடி நர்சரி நடத்துகிறாள். வீடும் அங்கேதான். ஒருநாள் மூச்சிரைக்க வந்தாள்.

"அண்ணா, கரை அடியில தண்ணி கசியுது."

"கசிவா? அது ஊத்துடி! உனக்குச் செடிக்குத் தண்ணி விடற வேலை மிச்சம்."

மறுநாளே கசிவுக்குப் பக்கத்தில் ஒரு கல் பெஞ்சும் 'இயற்கை ஊற்று' என்ற பலகையும் முளைத்தன. விருந்தாளிகள் கால் நனைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். நானும் நனைத்தேன், மறைப்பானேன்?

தங்கை பொறியாளரை அழைத்து வந்தாள்.

"இந்த அணை யாரோடது?" என்று கேட்டார் அவர்.

"அணையா? எங்க சார் அணை? தண்ணி அதுவா வந்து நிக்குது. கரையில பாதி என் தங்கச்சி பக்கம்தான் இருக்கு."

என்ன தாராளம் பார்த்தீர்களா!

"தண்ணி கலங்கி வந்துதுன்னா உள்ள மண் அரிச்சுட்டுப் போகுதுன்னு அர்த்தம். முதல்ல கலிங்குல அடிச்சிருக்கிற அந்தப் பலகையைப் பிடுங்குங்க."

"ஞாயித்துக்கிழமை ஆளுங்க வராங்க சார். திங்கக்கிழமை பிடுங்கிடறேன்."

சனிக்கிழமை மழை கொட்டியது. ஞாயிறு காலையில் ஊற்று டீ நிறத்தில் பொங்கியது. "மூலிகைச் சத்து!" என்று அவர் விருந்தாளிகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, தங்கை தன் பிள்ளைகளை மேட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, கடப்பாரையோடு கலிங்கில் ஏறிப் பலகையை நெம்பினாள்.

"அடியே, என் மீனு!"

"உன் மீனுக்கு நீந்தத் தெரியும் அண்ணா. என் பிள்ளைங்களுக்குத் தெரியாது."

பலகை பெயர்ந்தது; தண்ணீர் ஓடையில் பாய்ந்தது. மாலைக்குள் பொறியாளர் வந்து மோட்டார் வைத்து மிச்சத்தையும் இறைத்துவிட்டார். படகு சேற்றில் உட்கார்ந்தது.

நமக்கு ஏரியுமில்லை, மீனுமில்லை என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே கூரையில் ஈரம் படர்ந்துகொண்டிருக்கிறதே, "வெயில் அடிச்சா காய்ஞ்சிடும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்களே, அந்த அறையில் யார் படுத்துத் தூங்குகிறார்கள்?